கேட்டுக் கற்கும் பெட்டி

ஆறு கணினிகளும் ஒரு பிரின்டரும் உள்ள ஆடிட்டர் அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டேலி கணக்குகள் முழுவதும் ஒரு கணினியில் இருக்கின்றன. மற்ற ஐந்தும் அவற்றை அங்கிருந்துதான் திறக்கின்றன. மூலை மேசைக்கு அடியில் எட்டு போர்ட் கொண்ட ஒரு சின்னப் பெட்டி. எல்லா லேன் கேபிள்களும் அதில்தான் வந்து சேருகின்றன. கடையில் அதை ஸ்விட்ச் என்று விற்றார்கள். அலுவலகத்தில் பழைய வழக்கப்படி ஹப் என்கிறார்கள். ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாளில் டேலி நின்றுபோனால், "நெட் போச்சு" என்று ஒரு குரல் எழும். யாராவது எழுந்துபோய் அடாப்டரைப் பிடுங்கி மறுபடி செருகுவார். சில நேரம் சரியாகிவிடும். ஏன் சரியானது என்று எவருக்கும் தெரியாது என்பதால், அடுத்த மாதமும் அதே பழுது வரும்.

அந்தப் பெட்டியைச் சுற்றி நிகழும் பழுதுகளில் மர்மம் என்று எதுவும் இல்லை. ஈதர்நெட் எனும் கம்பிவழித் தொடர்பை உருவாக்கியவர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முடிவு எடுத்தார்கள். அந்த முடிவு ஒரு வசதியைத் தந்தது. எங்கே, எப்படித் தோற்கும் என்பதையும் கூடவே தீர்மானித்துவிட்டது. இது எப்படி வேலை செய்கிறது என்று அறிந்தவருக்கு, பழுதை எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும். எனவே நெட்வொர்க் அமைப்பதையும் பழுது பார்ப்பதையும் இங்கே தனித்தனியாகப் பிரிக்காமல், கம்பியில் தொடங்கிப் படிப்படியாக மேலேறுவோம்.

முறுக்கின் வேலை

லேன் கேபிளின் மேலுறையைச் சீவினால் உள்ளே எட்டுச் செம்புக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு ஜோடிகளாக இருக்கும். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என நான்கு நிறங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் வெள்ளை கலந்த துணைக் கம்பி ஒன்று. இப்படி முறுக்கும் உத்திக்கு, தொலைபேசிக் கம்பிகளுக்காக 1881-இல் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல்.

ஜோடியின் ஒரு கம்பியில் மின்னழுத்தம் ஏறும்போது மற்றதில் அதே அளவு இறங்கும். மறுமுனையில் உள்ள சிப் இரண்டுக்குமான வித்தியாசத்தை மட்டும் படிக்கும். பக்கத்தில் ஓடும் கரன்ட் ஒயரோ டியூப்லைட் சோக்கோ கிளப்பும் இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் ஒரே அளவில் ஏறினால், வித்தியாசம் காணும்போது அது கழிந்துபோகும். ஒரு கம்பி மட்டும் எப்போதும் இரைச்சலுக்கு அருகில் இருந்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். முறுக்கிவிட்டால், சுற்றுக்குச் சுற்று இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன. இரைச்சல் சமமாகப் பங்காகிறது. நான்கு ஜோடிகளும் வெவ்வேறு நெருக்கத்தில் முறுக்கப்பட்டிருப்பதும் காரணத்தோடுதான்: ஒன்றின் சமிக்ஞை அடுத்ததில் கசியக் கூடாது.

கேபிள் இழுக்கும்போது கடைப்பிடிக்க வேண்டிய விதிகள் எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன. ஆர்ஜே45 கனெக்டரில் கிரிம்ப் செய்யும்போது முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. கேபிளின் மேலுறை கனெக்டருக்குள் போய், அதன் பிடிக்குள் சிக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு இழுப்பும் மெல்லிய கம்பிகள் மேல் விழும். மூலைகளில் கேபிளை மடிக்காமல், அதன் விட்டத்தைப்போல் நான்கு மடங்கு ஆரத்தில் வளைக்க வேண்டும். 230 வோல்ட் ஒயர் ஓடும் அதே பைப்பில் லேன் கேபிளை விடக் கூடாது. அது இரைச்சலுக்காக மட்டுமில்லை, உயிர்ப் பாதுகாப்புக்காகவும்தான். ஸ்விட்சிலிருந்து கணினி வரை ஒரு கேபிளின் நீளம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். சுவருக்குள் ஓடும் நிலையான பகுதிக்கு 90 மீட்டர், இரு முனைகளிலும் செருகும் பேட்ச் கார்டுகளுக்குப் பத்து மீட்டர் என்பது தர அமைப்புகள் வகுத்த கணக்கு. கிகாபிட் வேகத்துக்கு கேட்-5இ கேபிளே போதும். பத்து கிகாபிட் வேகத்தில் கேட்-6 சுமார் 55 மீட்டர் வரைதான் தாங்கும். முழு 100 மீட்டருக்கும் கேட்-6ஏ வேண்டும்.

கேபிள் வாங்கும்போது உள்ளே இருப்பது முழுச் செம்புதானா என்று கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு பூசிய கேபிள் விலை குறைவாகக் கிடைக்கிறது. அலுமினியத்துக்கு மின்தடை அதிகம். சில முறை வளைத்தாலே முறியும். நீளமாக இழுத்தால் சமிக்ஞை தேயும். கேமராவுக்கு அதே கேபிளில் மின்சாரமும் அனுப்பினால் சூடேறும். ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் போதும். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியம்.

இனி, இந்தக் கட்டத்தின் மிகத் தந்திரமான பழுதுக்கு வருவோம். கனெக்டரின் எட்டு ஊசிகளில் 1-2, 4-5, 7-8 ஆகியவை பக்கத்துப் பக்கத்து ஜோடிகள். ஆனால் 3-உம் 6-உம் ஒரு ஜோடி. நடுவில் உள்ள 4-5-ஐத் தாண்டி அவை இணைகின்றன. பழைய தொலைபேசிப் பிளக்கின் நடு ஊசிகளில் முதல் லைனும் அதை ஒட்டிய இரண்டு ஊசிகளில் அடுத்த லைனும் போயின. அந்த ஒழுங்கு குலையக் கூடாது என்று எடுத்த முடிவு இது. நடைமுறையில் அதிகம் புழங்கும் வரிசை டி568பி: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி மட்டும் நீலத்துக்கு இரு பக்கமும் பிரிந்து உட்காரும்.

இதை அறியாதவர், நான்கு நிறங்களையும் ஜோடி ஜோடியாக வரிசையில் வைத்து இரு முனைகளிலும் கிரிம்ப் செய்துவிடுவார். சாதாரண கேபிள் டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் ஒழுங்காக எரியும், ஏனெனில் ஒவ்வொரு ஊசியும் எதிர்முனையின் அதே ஊசியோடுதான் சேர்ந்திருக்கிறது. ஆனால் 3-உம் 6-உம் வெவ்வேறு முறுக்குகளைச் சேர்ந்தவை. இரைச்சல் கழியாது, கசிவு பெருகும். சின்னக் கேபிளில் எப்படியோ ஓடும். நீளம் கூடினால் இணைப்பு விட்டுவிட்டு வரும். டெஸ்டர் சரி என்கிறதே என்று ஸ்விட்சை மாற்றுவார்கள், கணினியை மாற்றுவார்கள். டெஸ்டர் தொடர்ச்சியை மட்டுமே அளக்கிறது, முறுக்கை அளப்பதில்லை. இரண்டு முனைகளின் நிற வரிசையையும் கண்ணால் பார்ப்பதுதான் இதற்கு வழி.

இன்னொரு பழுதையும் எண்ணிக்கையே காட்டிக்கொடுக்கும். 100 மெகாபிட் ஈதர்நெட்டுக்கு 1, 2, 3, 6 என நான்கு ஊசிகள், அதாவது இரண்டு ஜோடிகள் போதும். 1999-இல் தரமாக்கப்பட்ட கிகாபிட் ஈதர்நெட்டுக்கு நான்கு ஜோடிகளும் தேவை. ஒவ்வொரு ஜோடியிலும் இரு திசைகளிலும் ஒரே சமயத்தில் வினாடிக்கு 250 மெகாபிட் ஓடுகிறது. நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி அறுந்தால், பல கருவிகள் தாமாகவே 100 மெகாபிட்டுக்கு இறங்கிக்கொள்ளும். எதுவும் நின்றுபோகாது, எல்லாம் மெதுவாகும். ஒரு ஜிகாபைட் கோப்பை கிகாபிட் இணைப்பில் ஏறக்குறையப் பத்து வினாடியில் நகலெடுக்கலாம். 100 மெகாபிட்டில் ஒன்றரை நிமிடம் பிடிக்கும். கணினியின் நெட்வொர்க் அமைப்பில் வேகம் 100 என்று காட்டினால், முதல் சந்தேகம் அந்த இரண்டு ஜோடிகள் மேல்தான் விழ வேண்டும்.

எல்லோரும் பேசும் ஒரே கம்பி

1973 மே 22 அன்று, கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் ஒரு குறிப்பு எழுதினார். அங்கு உருவான ஆல்டோ கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வழி அதில் இருந்தது. அவருக்கு வித்தாக அமைந்தது ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் 1971-இல் இயக்கிக் காட்டிய அலோஹா வானொலி வலை. தீவுகளில் இருந்த நிலையங்கள் அனுமதி கேட்காமல் ஒரே அலைவரிசையில் தரவை அனுப்பின. இரண்டு மோதினால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அனுப்பின.

மெட்காஃப் அதைக் கம்பிக்குக் கொண்டுவந்து மூன்று ஒழுங்குகளைச் சேர்த்தார். பேசுமுன் கேள், பேசும்போதும் கேட்டுக்கொண்டிரு, மோதினால் நிறுத்தி, சீட்டுக் குலுக்கியதுபோல் ஏதோ ஓர் அளவு நேரம் காத்திரு. ஒவ்வொரு மோதலுக்கும் அந்தக் காத்திருப்பின் எல்லை இரட்டிக்கும். டேவிட் பாக்ஸ் அவரோடு சேர்ந்து அதைக் கட்டியெழுப்பினார். அந்த முதல் வலையின் வேகம் வினாடிக்கு 2.94 மெகாபிட். 1980-இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் மூன்றும் சேர்ந்து 10 மெகாபிட் வரையறையை வெளியிட்டன. 1983-இல் அது ஐஇஇஇ 802.3 என்ற தரமானது. நடுவில் ஒரு நிர்வாகி இல்லாமலே பல இயந்திரங்கள் ஒரு கம்பியைப் பகிரலாம் என்று காட்டியது இந்த ஏற்பாட்டின் பெருமை.

அந்நாளில் கட்டடம் முழுக்க ஒரே தடித்த கோஆக்சியல் கேபிள் ஓடியது. அதில் எங்கேனும் ஓரிடத்தில் முறிந்தால் வலை முழுவதும் படுத்துவிடும். 1990-இல் தரமாக்கப்பட்ட 10பேஸ்-டி இந்தத் துன்பத்தைத் தீர்த்தது. ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கேபிள், நடுவில் ஹப். ஒரு கேபிள் அறுந்தால் ஒரு கணினி மட்டும் விலகும். இன்றும் நாம் கேபிள்களை ஒரே பெட்டிக்குக் கொண்டுவருவதற்குக் காரணம் இந்த நன்மைதான்.

ஆனால் ஹப்புக்கு விலாசம் தெரியாது. அது தண்டோரா போடுபவர் மாதிரி: செய்தி எவருக்கானாலும் ஊர் முழுக்க அறிவித்துவிடும். ஒரு போர்ட்டில் வந்த சமிக்ஞையைப் புதுப்பித்து மற்ற எல்லாப் போர்ட்டுகளிலும் அனுப்பும். வடிவம் நட்சத்திரம்போல் இருந்தாலும் உள்ளே அது பழைய ஒற்றைக் கம்பியே. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம், மோதல்களும் தொடர்ந்தன. தொலைவுக்கும் கட்டுப்பாடு இருந்தது. ஈதர்நெட்டில் தரவு சட்டகம் எனும் துண்டுகளாகப் போகிறது. மிகச் சிறிய சட்டகம் 64 பைட். 10 மெகாபிட் வேகத்தில் அதை அனுப்ப 51.2 மைக்ரோவினாடி ஆகும். அதற்குள் சமிக்ஞை வலையின் மறுகோடிக்குப் போய், மோதல் செய்தி திரும்பி வந்தாக வேண்டும். இல்லையெனில் அனுப்பியவருக்கு மோதியதே தெரியாது. ஹப்புக்குப் பின் ஹப்பாக இஷ்டத்துக்கு நீட்டக் கூடாது என்ற பழைய விதி இந்தக் கணக்கிலிருந்து வந்தது.

விலாசம் கற்கும் விதம்

ஒவ்வொரு நெட்வொர்க் கார்டிலும் 48 பிட் நீளமுள்ள மேக் முகவரி ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். அனுப்பும் ஒவ்வொரு சட்டகத்திலும் பெறுநர் முகவரியும் அனுப்புநர் முகவரியும் இருக்கும். ஹப் இரண்டையும் படிப்பதில்லை. ஸ்விட்ச் படிக்கிறது.

பெட்டிக்கு மின்சாரம் கொடுத்த நொடியில் அதற்கு எதுவும் தெரியாது. மூன்றாம் போர்ட்டிலிருந்து ஒரு சட்டகம் வருகிறது. அனுப்புநர் முகவரியைப் பார்த்து, இவர் மூன்றாம் போர்ட்டில் இருக்கிறார் என்று தன் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பெறுநர் எங்கே என்று தெரியாததால் அந்தச் சட்டகத்தை மற்ற எல்லாப் போர்ட்டுகளிலும் விடுகிறது. பதில் ஐந்தாம் போர்ட்டிலிருந்து வருகிறது, அதையும் குறித்துக்கொள்கிறது. அதன்பின் அந்த இருவருக்கிடையிலான பேச்சு மற்றவர் காதில் விழுவதில்லை. கொஞ்ச நேரம் பேசாதிருப்பவரின் குறிப்பு அழிக்கப்படும். தரம் பரிந்துரைக்கும் காலம் 300 வினாடி. யாரும் எதையும் பதிவுசெய்து கொடுக்கவில்லை. கேட்டே எல்லாவற்றையும் கற்றுக்கொள்கிறது. இருபது நிமிடத்தில் எவரும் அமைத்துவிடக்கூடிய கருவியாக இதை ஆக்கியது இந்தத் தானியங்கிக் கற்றல்தான்.

முதல் ஈதர்நெட் ஸ்விட்சை 1990-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது கலிபோர்னியாவின் கல்பனா என்ற நிறுவனம். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வினோத் பரத்வாஜ், லாரி பிளேர் என்பவரோடு சேர்ந்து அதைத் தொடங்கினார். அதற்கு அவர் வைத்தது தன் மனைவியின் பெயர். 1994-இல் சிஸ்கோ அதை வாங்கிக்கொண்டது. ஸ்விட்சில் ஒவ்வொரு போர்ட்டும் தனிப் பாதை என்பதால் ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடிந்தது. மோதலுக்கே இடமில்லாமல் போனது.

கேட்டே கற்கிறது என்பதால், கேட்காத ஒன்றை அது அறியாது. ஒரு கணினியின் கேபிளை வேறு பாதைக்கு மாற்றினால், பழைய குறிப்பு சிறிது நேரம் நீடிக்கலாம். அந்தக் கணினி ஒரு சட்டகம் அனுப்பியதும் சரியாகிவிடும். பிரின்டரின் கேபிளை மாற்றியவுடன் அச்சு வரவில்லை என்றால், பதறாமல் பிரின்டரை ஒருமுறை அணைத்துப் போடலாம். தொடங்கும்போதே அது நெட்வொர்க்கில் பேசும். ஸ்விட்ச் புதிய இடத்தைக் கற்றுக்கொள்ளும்.

கேபிளைச் செருகியதும் நடக்கும் பேச்சு

கேபிளின் இரு முனைகளும் முதலில் தமக்குள் ஓர் உடன்பாட்டுக்கு வருகின்றன. நான் இன்ன வேகங்கள் அறிவேன், ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடியும் என்று சிறு துடிப்புகளால் அறிவித்து, இருவருக்கும் பொதுவான சிறந்த முறையைத் தேர்ந்துகொள்கின்றன. பழைய காலத்தில் ஸ்விட்சையும் ஸ்விட்சையும் இணைக்க கிராஸ் கேபிள் என்று தனி வகை தேவைப்பட்டது. இப்போது போர்ட்டுகளே அனுப்பும் ஜோடியையும் பெறும் ஜோடியையும் மாற்றிக்கொள்கின்றன.

இந்த உடன்பாட்டில் யாராவது குறுக்கிட்டால் விசித்திரமான பழுது பிறக்கும். ஒரு கணினியில் வேகத்தை 100 என்றும் இருவழி என்றும் கையால் பூட்டிவிட்டதாகக் கொள்வோம். பூட்டிய முனை பேச்சுவார்த்தைக்கு வராது. ஸ்விட்ச், வரும் சமிக்ஞையைப் பார்த்து வேகத்தை மட்டும் கண்டுகொள்ளும்; இருவழியா ஒருவழியா என்று அறிய அதற்கு வழியில்லை. அப்படிப்பட்ட நிலையில் ஒருவழி என்றே கொள்ள வேண்டும் என்பது தரம். இப்போது ஒரு முனை எப்போது வேண்டுமானாலும் பேசும். மறுமுனை அதை மோதல் என்று எண்ணி நிறுத்தி நிறுத்திப் பேசும். பிங் எனும் சிறு சோதனைச் செய்தி ஒழுங்காகப் போகும், இணையப் பக்கம் ஒருவாறு திறக்கும்; பெரிய கோப்பை நகலெடுத்தால் மட்டும் வேகம் அடியோடு விழும். சின்ன வேலைக்கு நன்றாகவும் பெரிய வேலைக்கு மோசமாகவும் இருக்கும் இணைப்பைக் கண்டால் இந்தப் பொருத்தமின்மையைத் தேடுங்கள். இரு முனைகளிலும் தானியங்கி முறைக்கு விட்டுவிடுவதே மருந்து.

சுழலில் சிக்கிய சட்டகம்

இணைய நெறிமுறையின் பாக்கெட் ஒவ்வொன்றிலும் ஓர் ஆயுள் எண் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறையும், பூஜ்யமானால் பாக்கெட் கைவிடப்படும். ஈதர்நெட் சட்டகத்தில் அப்படி எதுவும் இல்லை. ஒற்றைக் கம்பிக்காக வகுத்த சட்டகம் அது. ஒரு கம்பியில் ஓடும் சமிக்ஞை கோடியில் போய் முடிந்துவிடும், ஆயுள் தேவையில்லை. பின்னால் பிரிட்ஜ் எனும் முன்னோடிப் பெட்டியும் ஸ்விட்சும் வந்தபோது, கணினிகளுக்குத் தெரியாமலே அவை நடுவில் அமர வேண்டியிருந்ததால், சட்டகத்தைத் தொடவில்லை.

இதன் விலையை ஒரு கேபிள் வசூலிக்கும். மேசையைத் துடைத்தவர், தரையில் கிடந்த கேபிளின் முனை கழன்றுவிட்டது என்று எண்ணி அதை ஸ்விட்சிலேயே செருகுகிறார். மறுமுனையும் அதே ஸ்விட்சில்தான் இருக்கிறது. அல்லது இரண்டு ஸ்விட்சுகளுக்கு நடுவே இரண்டு கேபிள்கள் ஆகிவிடுகின்றன. அல்லது லேனில் இயங்கும் மேசைத் தொலைபேசியின் இரண்டு போர்ட்டுகளும் சுவரில் போய்ச் சேர்கின்றன. எல்லோருக்குமான ஓர் அறிவிப்புச் சட்டகம் வந்ததும் ஸ்விட்ச் அதை எல்லாப் போர்ட்டிலும் விடும். அது சுற்றி வந்து மறுபடி நுழையும். மறுபடி எல்லாப் போர்ட்டிலும் போகும். ஆயுள் எண் இல்லாததால் ஓயவே ஓயாது. கிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய சட்டகங்கள் வினாடிக்குச் சுமார் 14.88 லட்சம் வரை பாயலாம். ஒவ்வொரு கணினியும் அவை ஒவ்வொன்றையும் நின்று படிக்க வேண்டும். சில வினாடிகளில் அலுவலகமே உறைந்துவிடும்.

இதன் அடையாளம் பெட்டியின் முகத்திலேயே தெரியும். எல்லா விளக்குகளும் ஒரே கதியில், இடைவெளியின்றிப் படபடக்கும். இங்கே அடாப்டரைப் பிடுங்கிச் செருகினால் ஒரு கணம் அடங்கி மறுபடி தொடங்கும். ஒவ்வொரு கேபிளாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் விளக்குகள் நிதானத்துக்கு வருகின்றனவோ அதுதான் குற்றவாளி.

1985-இல் டிஜிட்டல் நிறுவனத்தில் பணியாற்றிய ரேடியா பெர்ல்மன் இதற்கு ஒரு தீர்வு கண்டார். பெட்டிகள் தமக்குள் செய்திகளைப் பரிமாறி ஒன்றை வேராகத் தேர்ந்துகொள்ளும். அந்த வேரை எட்ட ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரே ஒரு பாதை மட்டும் மிஞ்சும்படி உபரிக் கேபிள்களைத் தாமே மூடிவைக்கும். ஒரு பாதை அறுந்தால் மூடியிருந்தது திறக்கும். ஸ்பேனிங் ட்ரீ எனும் இந்த முறையின் சாரத்தை, தன் ஆய்வுக்கட்டுரையில் ஒரு சிறு கவிதையாகவும் எழுதிவைத்தார். ஆனால் அமைப்பு வசதி இல்லாத மலிவான ஸ்விட்சுகளில் பொதுவாக இது இருப்பதில்லை. அங்கே நாம்தான் காவல்.

அந்தப் பாதுகாப்புக்கும் எல்லை உண்டு. 2002 நவம்பரில் பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் வலை முடங்கியது. ஆண்டுக்காண்டு ஒட்டு ஒட்டாக வளர்ந்து, ஸ்பேனிங் ட்ரீ தாங்கும் அளவைத் தாண்டியிருந்தது அந்த வலை. ஏறக்குறைய நான்கு நாள் மருத்துவர்களும் செவிலியர்களும் தாளில் எழுதியே நோயாளிகளைக் கவனித்தார்கள். என்ன நடந்தது என்பதை அதன் தகவல் தொழில்நுட்பத் தலைவர் ஜான் ஹலம்கா மற்ற மருத்துவமனைகளும் கற்றுக்கொள்ளட்டும் என்று வெளிப்படையாகப் பகிர்ந்தார். பெட்டிக்குப் பின் பெட்டியாகத் தொங்கவிடாமல், ஒரு நடுப் பெட்டியில் மற்றவற்றை நேராகச் சேர்ப்பது ஏன் நல்லது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

எண்ணில் வரும் குழப்பம்

கம்பியும் பெட்டியும் சரி. அடுத்தது ஐபி முகவரி. கணினி விழித்தவுடன், எனக்கு யாராவது முகவரி தாருங்கள் என்று வலை முழுக்கக் கேட்கும். ரவுட்டரில் உள்ள டிஎச்சிபி சேவை ஒன்றை வழங்கும். யாரும் பதில் சொல்லாவிட்டால் கணினி தானாகவே 169.254 என்று தொடங்கும் எண் ஒன்றை எடுத்துக்கொள்ளும். கட்டளைத் திரையில் ஐபிகான்ஃபிக் என்று அடித்து அப்படியோர் எண்ணைக் கண்டால், பொதுவாகக் கேபிளோ ஸ்விட்சோ ரவுட்டரோ எங்கோ தடைப்பட்டிருக்கிறது என்று பொருள். டேலியையும் பிரின்டரையும் நோண்ட அவசியமில்லை.

கேட்பவர் எவர் தந்தாலும் வாங்கிக்கொள்வார் என்பது இந்த ஏற்பாட்டின் பலவீனம். வைஃபைக்காகப் பழைய ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து அதன் லேன் போர்ட்டை ஸ்விட்சில் செருகினால், முகவரி கொடுப்பவர் இருவராகிவிடுவார். சில கணினிகளுக்கு 192.168.1 என்று தொடங்கும் எண், சிலவற்றுக்கு 192.168.0 என்று தொடங்கும் எண். இரு கூட்டமும் ஒன்றையொன்று காணாது. காலையில் வேலை செய்த கணினி மாலையில் வேறு கூட்டத்தில் இருக்கும். பழைய ரவுட்டரின் டிஎச்சிபியை அணைத்து, அதற்கு முதல் ரவுட்டரின் வரிசையிலேயே, வேறெவரும் வைத்திராத ஒரு நிலையான முகவரி கொடுத்துவிட்டால் அது வெறும் வைஃபைப் பெட்டியாக அடங்கி நடக்கும்.

பிரின்டருக்குக் கையால் கொடுத்த முகவரி, ரவுட்டர் பகிர்ந்தளிக்கும் எண்களின் வரிசைக்குள்ளேயே இருந்தால், ஒருநாள் அதே எண் யாரோ ஒருவரின் லேப்டாப்புக்கும் போகும். அவர் வந்த நாளில் அச்சு நிற்கும். அவர் வராத நாளில் ஓடும். ரவுட்டரிலேயே அந்தப் பிரின்டரின் மேக் முகவரிக்கு ஓர் எண்ணை ஒதுக்கிவிடுவது நிலையான தீர்வு. டேலி கணக்குகள் இருக்கும் கணினிக்கும் அப்படியே செய்ய வேண்டும்.

தேடும் ஒழுங்கு

இந்தப் படிகளின் பெரிய நன்மை, கீழே உள்ளது சரியாக இருந்தால்தான் மேலே உள்ளது இயங்கும் என்பது. எனவே தேடலும் கீழிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் மின்சாரம். சின்ன ஸ்விட்ச் சில வாட் மட்டுமே எடுக்கும். ஆனால் அடாப்டரின் வோல்டேஜ் பெட்டியில் எழுதியதோடு ஒத்திருக்க வேண்டும். வயதான அடாப்டர் அழுத்தம் தளர்ந்து, பெட்டி நடுநடுவே தானே மறுதொடக்கம் ஆகும். கணினிகளுக்கு யுபிஎஸ் இருந்து ஸ்விட்சுக்கு இல்லாமல் போவது பல அலுவலகங்களில் காணக்கூடிய விடுபடல். கரன்ட் போனதும் கணினிகள் நிற்காது, கணக்கைத் திறந்திருக்கும் இணைப்பு மட்டும் அறுந்துபோகும். ஸ்விட்சையும் ரவுட்டரையும் அதே யுபிஎஸ்ஸில் சேருங்கள்.

இரண்டாவது விளக்கு. போர்ட்டின் விளக்கு எரியவில்லை என்றால் கேபிளை நன்றாக இயங்கும் வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள். பிறகு கேபிளையே மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் பழுது நீங்கலாம், காரணம் தெரியாது.

மூன்றாவது வேகம்: கணினி காட்டுவது ஆயிரமா நூறா என்று பாருங்கள். நான்காவது முகவரி. ஐந்தாவது பிங். மைக் மஸ் 1983-இல் எழுதிய இந்தச் சின்ன நிரல், ஒரு முகவரிக்குச் செய்தி அனுப்பி, பதில் வரும் நேரத்தை அளக்கிறது. முதலில் ரவுட்டருக்கு, அடுத்து டேலி கணினியின் எண்ணுக்கு, பிறகு அதன் பெயருக்கு. ஒரே ஸ்விட்சில் உள்ளவற்றுக்கிடையே பதில் ஒரு மில்லிவினாடிக்கும் குறைவாக வர வேண்டும். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால், கேபிளும் ஸ்விட்சும் குற்றமற்றவை. பெயரை எண்ணாக மாற்றும் இடத்தில்தான் பழுது. ஃபயர்வால் பிங்கைத் தடுப்பதும் உண்டு என்பதால், பதில் இல்லாததை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

மின்னலைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஈதர்நெட் போர்ட்டுக்குள் உள்ள சிறு டிரான்ஸ்ஃபார்மர் 1500 வோல்ட் வரை தாங்கும்படி வகுக்கப்பட்டது. அருகில் விழும் இடி நீளமான கேபிளில் தூண்டும் அழுத்தம் அதைத் தாண்டலாம். இரண்டு கட்டடங்களுக்கு இடையே, அல்லது மொட்டை மாடிக்கு, செம்புக் கேபிளை வெளியில் விடுவது ஆபத்து. இரு கட்டடங்களின் எர்த் அழுத்தமும் ஒன்றாக இருக்காது. அந்த இடத்துக்குக் கண்ணாடி இழைக் கேபிள்தான் சரியான தேர்வு; அது மின்சாரத்தைக் கடத்தாது. சித்திரைக் கோடைமழைக்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.

கடைசியாக, எல்லாம் நன்றாக ஓடும் ஒரு நாளில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு கேபிளின் இரு முனைகளிலும் ஒரே எண்ணை ஒட்டுங்கள். எந்தப் போர்ட்டில் எந்தக் கணினி, அதன் முகவரி என்ன, இணைப்பின் வேகம் என்ன, ஒரு ஜிகாபைட் கோப்பு எத்தனை வினாடியில் நகல் ஆனது என்று ஒரு தாளில் எழுதி ஸ்விட்சுக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். நலமாக இருந்தபோது எப்படி இருந்தது என்று தெரியாமல், இப்போது எது மாறியது என்று சொல்ல முடியாது. பாஸ்டன் மருத்துவமனையின் பெரிய வலைக்கும் ஆறு கணினி அலுவலகத்துக்கும் சட்டகம் ஒன்று, விதி ஒன்று, தேடும் ஒழுங்கும் ஒன்று. அந்தத் தாளைப் படித்து இந்தப் படிகளில் ஏறத் தெரிந்த ஒருவர் அலுவலகத்தில் இருந்தால், கடைசி நாளில் டேலி நின்றாலும் தாக்கல் நிற்காது.